ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளும் சாதியின் வயதும்

ஆதிச்சநல்லூரில் புதைக்கப்பட்டவர்கள் யார் என்னும் கேள்விக்கு ஏறத்தாழ நூற்றைம்பது வயதாகிறது. 1876ஆம் ஆண்டில் பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்னும் ஜெர்மானியர் அந்த மேட்டைத் தோண்டி, கிடைத்த பொருள்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோன நாள் முதல் இக்கேள்வி எழுப்பப்பட்டு வருகிறது. அன்று "இவர்கள் எந்த இனம்?" என்று கேட்டார்கள். இன்று நம் தென்மாவட்டங்களில் அது "எந்தச் சாதி?" என்று மாறியிருக்கிறது. தாழிகளில் கிடைத்த தங்க நெற்றிப்பட்டங்களைத் தம் குல முன்னோருடையவை என்று உரிமை கொண்டாடும் குரல்களுக்குச் சமூக ஊடகங்களில் குறைவில்லை.

ஒடுக்கப்பட்டோர் இயக்கங்களிலும் இப்படியொரு குரல் உண்டு. "நாமே இம்மண்ணின் பூர்வகுடிகள், தாழிகளில் உறங்குவோர் நம் பாட்டன் பாட்டிகள்" என்பது அது. அதற்கு மதிப்புமிக்க ஒரு வரலாறும் இருக்கிறது. இழிபெயர்களை மறுத்துத் தொன்மையின் பெயரால் தம்மை அழைத்துக்கொள்ளும் உரிமைக்காக அயோத்திதாசப் பண்டிதர் தம் வாழ்நாளெல்லாம் எழுதினார். 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் போராடி 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை அரசு ஆவணங்களில் ஏற்றினார். சுயமரியாதைக்கான அந்தப் போராட்டத்தைக் குறைத்து மதிப்பிட யாருக்கும் உரிமையில்லை. ஆயினும் அகழாய்வும் மரபணுவியலும் இன்று நம் கையில் தரும் சான்று, 'நாமே முதலில் வந்தோம்' என்பதைக் காட்டிலும் வலியது. சாதிக்கு ஒரு வயது உண்டு, அது மனிதரின் வயதோடு ஒப்பிடக் கொஞ்சமே என்பதுதான் அது.

மேடும் கடலும்

முதலில் இடத்தைப் பார்ப்போம். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில், திருநெல்வேலி–திருச்செந்தூர் சாலையை ஒட்டித் தாமிரபரணியின் தென்கரையில் கிடக்கிறது ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. பயிர்செய்ய உதவாத 114 ஏக்கர்ப் பாறைமேடு அது. ஆற்றுப்பாய்ச்சல் நிலத்தை வாழ்வோருக்கு விட்டுவிட்டு, பாறையைக் குடைந்து குழியெடுத்து இறந்தோரைத் தாழிகளில் வைத்திருக்கிறார்கள். முந்தைய தாழிகளின் மேல் பிந்தைய தாழிகள் அடுக்கப்பட்டுள்ளன. தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தைத் தம் இடுகாடாகக் கொண்டிருந்த மக்கள் என்பது இதனால் விளங்கும்.

அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரையிலான ஆண்டுகளில் இங்கே தோண்டியெடுத்த ஆயிரக்கணக்கான பொருள்களின் பட்டியல் 1915இல் வெளியானது. இரும்பு வாள்கள், வேல்கள், விலங்குருவங்கள் அமைந்த வெண்கல மூடிகள், மெல்லிய தங்கப் பட்டங்கள், நெல் உமி, துணியின் எச்சம் ஆகியவை அவற்றுள் அடங்கும். பெரும்பகுதி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. அதன் பின்னர் ஒரு நூற்றாண்டு அந்த மேடு ஏறத்தாழ மறக்கப்பட்டுக் கிடந்தது. 2004–05இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் தோண்டி நூற்றறுபதுக்கும் மேற்பட்ட தாழிகளை வெளிக்கொணர்ந்தது. ஆனால் அறிக்கை வரவில்லை. ஆண்டுகள் பல கடந்தபின், பொதுநல வழக்கொன்றில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேள்வி எழுப்பிய பிறகே மாதிரிகள் அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. கி.மு. 905, கி.மு. 696 என இரு காலக்கணிப்புகள் 2019இல் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டன. தோண்டிய குழியைவிடத் தூங்கிய கோப்பே ஆழமானது என்று சொல்லத் தோன்றுகிறது.

அருகிலுள்ள சிவகளையில் மாநிலத் தொல்லியல் துறை கண்டெடுத்த தாழியின் நெல் உமி கி.மு. 1155ஐச் சேர்ந்தது என 2021இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கை, சிவகளையின் இரும்புக்காலத்தைக் கி.மு. 3345 வரை பின்னுக்குக் கொண்டுசெல்கிறது. இத்தனை பெரிய தாவலை உலகத் தொல்லியல் ஏற்க மேலும் பல தளங்களிலிருந்து ஒத்த முடிவுகள் வரவேண்டும். அதுவரை ஆர்வத்தோடு காத்திருப்பதே முறை. கொற்கையில் 1968–69ஆம் ஆண்டு அகழாய்வில் கிடைத்த கரி, கி.மு. எட்டாம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தைக் காட்டியது. அன்று கடல்வாயில் இருந்த கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைப் பின்தள்ள, துறைமுகம் கொற்கையிலிருந்து காயலுக்கும் காயலிலிருந்து தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. 1974இல் பெருந்துறைமுகமாகத் திறக்கப்பட்டதே இன்றைய வ.உ.சி. துறைமுகம்.

தாழிகளோடு இக்கடற்கரையின் மனித வரலாறு தொடங்கிவிடவில்லை. சாயர்புரம், மெஞ்ஞானபுரம், குட்டம்புளி போன்ற இடங்களில் உள்ள செம்மணல் தேரிகளில் விரல்நுனி அளவேயான நுண்கற்கருவிகள் கிடைக்கின்றன. இராபர்ட் புரூஸ் ஃபூட் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இவற்றைக் கண்டார். 1956இல் சாய்னரும் ஆல்ச்சினும் இவற்றை விரிவாக ஆராய்ந்து, பழங்கடல்மட்டங்களோடு பொருத்திக் காலம் கணிக்க முயன்றார்கள். பனிக்காலத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு நூறு மீட்டருக்கும் கீழே இருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். அங்கே பாகியன்லெனக் குகையில் நாற்பத்தைந்தாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட நுண்கற்கருவிகளும் வேட்டை எச்சங்களும் கிடைத்திருக்கின்றன. ஆகவே மன்னார் வளைகுடாவின் இருகரையிலும் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர்களே இப்பகுதியின் மிகப் பழைய மக்கள் என்று கொள்ளலாம். அவர்களுக்கும் தாழிகளில் உறங்குவோருக்கும் இடைப்பட்ட ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பலர் வந்தார்கள், கலந்தார்கள். 'முதல் குடி' என்று ஒருவரை மட்டும் சுட்டுவதில் உள்ள முதற்சிக்கல் இதுவே.

அளவுகோலின் கதை

ரீ தோண்டிய பொருள்கள் போய்ச்சேர்ந்த சென்னை அருங்காட்சியகத்துக்கு அக்காலத்தில் பொறுப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். ஏழு தொகுதிகள் கொண்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலின் ஆசிரியர் அவரே. உயிரோடிருந்த மக்களின் தலையையும் மூக்கையும் இடுக்கிமானியால் அளந்து சாதிவாரியாகப் பட்டியலிட்டவர். அவரது முன்னுரையில் ஆதிச்சநல்லூர் மண்டையோட்டு அளவுகளும் இடம்பெறுகின்றன. இறந்தவரின் மண்டையையும் வாழ்பவரின் மண்டையையும் ஒரே அட்டவணையில் வைத்து இனம் பிரிக்கும் வேலை அது. வடக்கே 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ரிஸ்லி, மூக்கு அகலமாக ஆகச் சாதிநிலை தாழும் என்றே ஒரு கோட்பாட்டை முன்வைத்திருந்தார். அருங்காட்சியகமும் கணக்கெடுப்பு அலுவலகமும் சேர்ந்து சாதியை உடலில் எழுதிய காலம் அது. 1930இல் சக்கர்மன் ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளைப் பற்றித் தனி ஆய்வே வெளியிட்டார். கையில் இருந்த மிகச்சில மண்டையோடுகளை வைத்து ஒரு மக்கள் கூட்டத்தின் இனத்தைத் தேடிய முயற்சி.

இந்த அறிவியலின் அடித்தளம் அப்போதே ஆட்டம் கண்டுவிட்டது. அமெரிக்காவில் ஃபிரான்ஸ் போவாஸ், குடியேறியோரின் பிள்ளைகளுடைய தலையமைப்பு அவர்களின் பெற்றோருடையதிலிருந்து மாறுபடுவதை ஆயிரக்கணக்கானோரை அளந்து காட்டினார். உணவும் சூழலும் மாறினால் தலையின் வடிவமும் ஓரளவு மாறுமென்றால், தலையை அளந்து இனத்தை எப்படிச் சொல்வது? போவாஸ் பணியாற்றிய கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில்தான் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்றார். போவாஸின் மாணவரான கோல்டன்வைசரின் கருத்தரங்கில்தான் 1916 மே மாதம் 'இந்தியாவில் சாதிகள்' என்னும் தம் கட்டுரையை வாசித்தார். சாதியின் சாரம் இனவேறுபாடு அன்று, அகமணமுறையே என்பது அதன் மையக்கருத்து. முன்பு கலந்து மணந்துகொண்டிருந்தோர் மீது பின்னால் போடப்பட்ட வேலியே சாதி என்றார்.

1948இல் வெளியான 'தீண்டப்படாதார்' நூலில் அவர் செய்தது இன்னும் கூர்மையானது. எதிரியின் அளவுகோலையே கையிலெடுத்தார். பல மாகாணங்களில் எடுக்கப்பட்ட மூக்களவுகளை வரிசைப்படுத்தி, அவற்றின்படியே பார்த்தாலும் பிராமணருக்கும் தீண்டப்படாதாருக்கும் இனவேறுபாடு இல்லை என்று காட்டினார். ஒருவருக்கு எந்த இனப்பெயரைச் சூட்டினாலும் அதையே மற்றவருக்கும் சூட்டவேண்டிவரும் என்பது அவரது முடிவு. தீண்டாமை கி.பி. 400 அளவில், பௌத்தத்துக்கும் பிராமணியத்துக்குமான போராட்டத்தில் பிறந்தது என்பது அதே நூலில் அவர் முன்வைத்த கணிப்பு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வோம்.

மண்டையளவுப் பழக்கம் காலனியத்தோடு ஒழிந்துவிடவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2004க்குப் பிந்தைய எலும்புகளை வைத்தும் 'இத்தனை விழுக்காடு காக்கேசியர், இத்தனை விழுக்காடு மங்கோலியர், இத்தனை விழுக்காடு நீக்ரோ' என்ற கணக்குகள் நாளிதழ்களில் பெருமையாக வெளியாயின. ஆதிச்சநல்லூர் பன்னாட்டு வணிகர் வாழ்ந்த பெருநகரம் என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டினார்கள். வணிகத் தொடர்புகள் இருந்திருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் மண்டையோட்டின் வடிவத்தைக் கொண்டு மனிதரை இப்படிக் கூறுபோடும் முறையை இன்றைய மானுடவியல் கைவிட்டுவிட்டது. முற்போக்காளர்கள்கூட இக்கணக்கைக் கைதட்டி வரவேற்றது வருத்தத்துக்குரியது.

மரபணு சொல்வது

எலும்பின் வடிவம் சொல்லாததை எலும்புக்குள்ளிருக்கும் மரபணு ஓரளவு சொல்லும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் மண்ணில் அது எளிதில் அழிந்துவிடுகிறது. அரியானாவின் ராகிகடியில் அறுபத்தொரு மாதிரிகளைச் சோதித்தபோது ஒன்றே ஒன்றுதான் பயன்படுமளவு மரபணுவைத் தந்தது. ஆகவே இதுவரை நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இன்று வாழ்வோரின் மரபணுவிலிருந்து பின்னோக்கிக் கணித்தது.

2009இல் ரைக்கும் ஹைதராபாத் ஆய்வாளர்களும் இணைந்து வெளியிட்ட ஆய்வும், 2013இல் மூர்ஜானி உள்ளிட்டோர் 73 குழுக்களை வைத்துச் செய்த ஆய்வும் இத்துறையில் அடிப்படையானவை. அவற்றின்படி, வெவ்வேறு தொல்குடி மரபுகள் இன்றைக்கு 4200 ஆண்டுகளுக்கும் 1900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் பரவலாகக் கலந்தன. பழங்குடிகள், தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்டோர், பிராமணர் என எவரும் இக்கலப்புக்கு ஏறத்தாழ விலக்கில்லை. விகிதம் மாறுபடும்; கலப்பு பொது. 2019இல் வெளியான விரிவான ஆய்வு இதை மேலும் நுட்பமாக்கியது. இத்துணைக்கண்டத்தின் பழைய வேட்டைச்சமூக மரபு, ஈரானிய மேட்டுநிலத்தோடு தொடர்புடைய மரபு, பின்னர் வந்த புல்வெளி மரபு ஆகிய இழைகள் வெவ்வேறு அளவில் பின்னிக் கிடக்கின்றன. வேட்டைச்சமூக மரபைக் கலப்பில்லாமல் கொண்ட குழு எதுவும் இந்தியப் பெருநிலத்தில் இன்று இல்லை.

ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தக் கலப்பு நின்றுபோகிறது. அடுத்தடுத்த தெருவில் வாழ்ந்த மக்கள் ஒருவரோடொருவர் மணம் செய்வதை நிறுத்தினார்கள். அந்தத் தடை நூறு தலைமுறை வரை நீடித்தது மரபணுவில் பதிவாகியிருக்கிறது. 2016இல் கல்கத்தாவை அடுத்த கல்யாணி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், மேல்தட்டுக் குழுக்கள் சிலவற்றில் இத்தடை ஏறத்தாழ எழுபது தலைமுறைகளுக்கு முன், குப்தர் காலத்தை ஒட்டி, திடீரெனத் தொடங்கியது என்று கணித்தார்கள். ஆண்டுக்கணக்கில் சொன்னால் சுமார் 1575 ஆண்டுகள். அம்பேத்கர் கணித்த கி.பி. 400இலிருந்து அது வெகுதொலைவில் இல்லை. அவர் பேசியது தீண்டாமையின் பிறப்பை. இவர்கள் கணித்தது அகமணத்தின் இறுக்கத்தை. இரண்டும் ஒன்றல்ல, ஒன்று மற்றதை நிரூபித்துவிட்டதாகவும் கொள்ளலாகாது. ஆயினும் சாதி அனாதிகாலம் தொட்டது, இயற்கையானது, உடலில் ஊறியது என்ற சனாதனக் கூற்றை இரண்டும் வெவ்வேறு திசையிலிருந்து உடைக்கின்றன.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கலப்பு இருவழிப் பாதையாக இருக்கவில்லை. ஆதிக்கக் குழுக்களின் மரபு பழங்குடிகளுக்குள் சென்ற அளவுக்கு, பழங்குடிகளின் மரபு ஆதிக்கக் குழுக்களுக்குள் வரவில்லை. ஆதிக்கக் குழுவின் ஆண்கள் வெளியே உறவுகொண்டார்கள், பிறந்த பிள்ளைகளைத் தம் குழுவில் சேர்க்கவில்லை என்பதே அவ்வாய்வாளர்கள் தரும் விளக்கம். கறுப்பின அமெரிக்கரின் மரபணுவிலும் இதையொத்த சாயல் உண்டென்று அவர்களே ஒப்பிட்டுள்ளார்கள். ஆகவே 'கலந்து வாழ்ந்தார்கள்' என்பதை 'சமமாக வாழ்ந்தார்கள்' என்று படித்துவிடக் கூடாது.

பொற்காலம் என்னும் பொறி

கீழடிக்குப் பிறகு "அன்று சாதியில்லை, மதமில்லை" என்னும் பேச்சு நம் மேடைகளில் எளிதாகப் புழங்குகிறது. சாதிச்சின்னம் எதுவும் மண்ணில் கிடைக்கவில்லை என்பதால் சாதி இல்லாமலிருந்தது என்று ஆகிவிடாது. திருமணத் தடையும் தொடுகைத் தடையும் பானை ஓட்டில் எழுதிவைக்கப்படுபவை அல்ல. ஆதிச்சநல்லூரிலேயே சில தாழிகளில் தங்கப்பட்டமும் வெண்கலமும் உண்டு. பல தாழிகளில் வெறும் மட்கலமே உண்டு. உடைமையில் ஏற்றத்தாழ்வு இருந்தது என்பது தெளிவு. அது பிறப்பால் நிலைத்ததா என்பதைத் தாழி சொல்லாது.

சங்கப் பாடல்களில் பறை முழக்குவோரையும் பிணப்பறை கொட்டுவோரையும் இழித்துரைக்கும் சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைக் கொண்டே ஜார்ஜ் ஹார்ட், தமிழகத்தில் சாதியின் வேர் பிராமணியத்துக்கும் முற்பட்டது என்று வாதிட்டார். அவர் முடிவை முழுதும் ஏற்க வேண்டியதில்லை. இழிசொல் ஒன்று புழங்குவதற்கும் அகமணச் சாதியாக ஒரு சமூகம் கெட்டிப்படுவதற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. ஆனால் அச்சொற்களைக் கண்டும் காணாதது போலப் பொற்காலம் பாடுவது நேர்மையாகாது.

கொற்கையின் முத்தையே எடுத்துக்கொள்வோம். கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூசு', பாண்டியரின் கொற்கையில் முத்துக்குளித்தல் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டது என்று குறிக்கிறது. உரோமில் பிளினி, கிழக்கத்தியப் பொருள்களுக்காக ஆண்டுதோறும் பெரும்பணம் வெளியேறுகிறதே என்று புலம்பிய காலமும் அதுவே. உலகின் செல்வத்தை ஈர்த்த அந்த முத்தை, மூச்சை அடக்கிக் கடலடியில் தேடியவர்களுக்கு விலங்கு பூட்டியிருந்தது அரசு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்கோ போலோ இன்னொரு காட்சியைத் தருகிறார். குளிப்போரைச் சுறா தீண்டாதபடி மந்திரம் ஓதியவர்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு. அவர்களைப் பிராமணர் என்று பொருள்படும் பெயரால் அவர் குறிக்கிறார். நீரில் இறங்காதவருக்கும் நிலையான பங்கு உண்டு!

கல்வெட்டில் சான்று இன்னும் வெளிப்படை. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், ஊர்களின் வரிநீக்கிய நிலங்களைக் கணக்கிடும்போது பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் பெயர் சொல்லியே குறிக்கின்றன. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீண்டாமை அரசின் நில ஆவணத்தில் ஏறிவிட்டது. ஆதிச்சநல்லூர்த் தாழிக்கும் தஞ்சைக் கல்வெட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள். அந்த ஈராயிரம் ஆண்டுகளில் எப்போது, யாருடைய நலனுக்காக, எந்த நில உடைமையின் தேவைக்காக வேலி எழுந்தது என்பதே தமிழ்நாட்டு வரலாற்றாய்வின் நடுக்கேள்வியாக இருந்திருக்க வேண்டும். 'ஐயாயிரம் ஆண்டா, மூவாயிரம் ஆண்டா' என்ற பழமைப் போட்டியில் அக்கேள்வி அடிபட்டுப் போகிறது.

இனி எலும்பிடம் என்ன கேட்பது?

இனத்தைக் கேட்பதை விட்டுவிட்டு உழைப்பைக் கேட்கலாம். பல்லின் எனாமலில் உள்ள ஸ்ட்ரான்சியம், ஒருவர் குழந்தைப் பருவத்தை எங்கே கழித்தார் என்பதைக் காட்ட வல்லது. எலும்பின் நைட்ரசன் விகிதம் அவர் மீனும் இறைச்சியும் உண்டாரா என்பதைச் சொல்லும். முதுகெலும்பின் தேய்மானம் சுமை தூக்கிய வாழ்வைச் சொல்லும். தங்கப்பட்டத்தோடு புதைக்கப்பட்டவரும் மண்சட்டியோடு புதைக்கப்பட்டவரும் ஒரே உணவை உண்டார்களா, ஒரே வயதுவரை வாழ்ந்தார்களா, ஒருவருக்கொருவர் உறவினரா? விடை கிடைக்குமளவு எலும்பு கெடாமலிருந்தால், சமத்துவத்தைப் பற்றிப் பேச நமக்கு உண்மையான சான்று கிடைக்கும்.

கீழடியை அடுத்த கொந்தகையின் மண்டையோடுகள் இரண்டிலிருந்து லிவர்பூல் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வகம் வடித்த முகங்களை 2025இல் பார்த்தோம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் முன்முயற்சியில் நடந்த பணி அது. எலும்பு முகத்தின் அமைப்பைத் தந்தது; தோலின் நிறத்துக்கும் விழியின் நிறத்துக்கும் இன்றைய தென்னிந்தியரை மாதிரியாகக் கொண்டார்கள். படங்கள் வெளியான உடனே "இவர் எங்கள் ஆள்" என்ற போட்டி தொடங்கிவிட்டது. தர்ஸ்டனின் இடுக்கிமானி செய்ததை இப்போது கைப்பேசித் திரையில் நாமே செய்கிறோம்.

மரபணு ஆய்வுகளில் இன்னொரு பொறுப்பும் உண்டு. இன்று வாழ்வோரிடம் எடுக்கப்படும் குருதி மாதிரிகள் சாதிப்பெயரிட்டே சேமிக்கப்படுகின்றன. ஆய்வுக்கட்டுரைகளின் அட்டவணைகளிலும் சாதிப்பெயர்களே நிற்கின்றன. அகமணத்தின் விளைவை அளக்க அப்பெயர்கள் தேவைப்படலாம். வைசியர் குழுவொன்றில் மயக்கமருந்துக்கு உடல் ஆபத்தாக எதிர்வினை புரியும் மரபுக்குறைபாடு மிகுந்திருப்பது, பல தலைமுறைகளாகத் தமக்குள்ளேயே மணந்ததன் விளைவென்று கண்டறியப்பட்டது இவ்வழியில்தான். ஆனால் குருதி கொடுத்தவருக்கு அந்த முடிவு அவர் மொழியில் சொல்லப்பட வேண்டும். அந்த மாதிரி வேறெதற்கும் பயன்படாது என்ற உறுதியும் அவருக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து கல்லூரிக்கு வந்திருக்கும் மாணவர்கள் தொல்லியலையும் மரபணுவியலையும் பாடமாக எடுத்து, குழிக்குள் மண் அள்ளும் கூலிகளாக மட்டுமல்லாமல் அறிக்கை எழுதுவோராகவும் அமர்ந்தால், அந்த அறிக்கைகளின் முதற்கேள்வி வேறாக இருக்கும்.

ஆதிச்சநல்லூரில் இன்று குழிகளின் மேல் கண்ணாடித் தளம் அமைத்து, தாழிகளை இருந்த இடத்திலேயே காணும்படி செய்திருக்கிறார்கள். மாணவர்கள் குழுவாகச் சென்று பார்க்கலாம். காலுக்குக் கீழே கிடப்பவர்களில் ஒருவரது பெயரும் நமக்குத் தெரியாது.